விளிம்பில் தொடங்கி நடுவில் முடியும் போர்வை: கவந்தி முறை, ஒரு நிகழ்வு ஆய்வு

துண்டுத் துணியில் போர்வை தைக்க உட்காருகிறவர்கள் பொதுவாகச் சதுரம் சதுரமாக வெட்டி, கால் அங்குலம் பிடித்து ஒன்றோடொன்று மூட்டி, மேல்துணி முழுவதையும் முதலில் முடிக்கிறார்கள். பிறகு உள்துணி, அடித்துணி வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்து, கடைசியில் நாலு ஓரத்துக்கும் பட்டி கட்டுகிறார்கள். இதில் பிசகு எங்கே வருகிறது என்பதைக் கணக்கே காட்டும். ஒவ்வொரு மூட்டிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், இரு துண்டுக்கும் சேர்த்து 1/8 அங்குலம் போகிறது. 12 துண்டு உள்ள வரிசையில் 11 மூட்டு. வரிசை 1⅜ அங்குலம் குறைந்துவிடும். அடுத்த வரிசையைச் சரியாகப் பிடித்திருந்தால் இரண்டும் பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் சுருங்கும். பிரித்தால் பழைய துணியில் ஓட்டை விழும். பெரும்பாலும் வேலை அப்படியே பெட்டிக்குள் போய்விடுகிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா வட்டாரக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. சித்தி இன மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்; போர்த்துக்கீசியரின் கோவாவிலிருந்து அடிமைத்தனத்தை விட்டுத் தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் வந்தவர்கள் பலர் அவர்களின் முன்னோர். கர்நாடகத்தில் 2003இல் பட்டியல் பழங்குடி அங்கீகாரம் பெற்றார்கள். கிறிஸ்தவர், இஸ்லாமியர், இந்துக்கள் என மூன்று சமயத்தாரும் அவர்களில் உண்டு. போர்வை தைக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றே. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கலை வரலாற்று அறிஞர் ஹென்றி ஜான் ட்ரூவல் இந்தப் போர்வைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

அவர்கள் மேல்துணியைத் தனியாக மூட்டுவதில்லை. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் முதல் ஒட்டை, அதாவது முதல் துண்டுத் துணியை வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்துக் கையாலேயே ஓட்டத்தையல் (ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கி நேரே ஓடும் தையல்) போட்டு, ஓரத்தைச் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே நகர்ந்து, நடுவில் முடிக்கிறார்கள். மூட்டுவது, அடுக்குகளைப் பிணைப்பது, ஓரம் கட்டுவது ஆகிய மூன்று வேலையையும் ஒரே தையல் செய்துவிடுகிறது. அளவு பொருந்தவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஒட்டும் இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி அப்போதுதான் வெட்டப்படுகிறது. ஆனால் கடினம் காணாமல் போய்விடவில்லை. அது இடம் மாறி, நடுப்பகுதியின் உப்பலாக வந்து நிற்கிறது. இந்த ஆய்வு அதிகம் பேசப்போவதும் அதைத்தான்.

எடுத்துக்கொண்ட போர்வை

முடிந்த அளவு 36 × 48 அங்குலம். குழந்தைக்குத் தரையில் விரிக்கவும், பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ளவும் ஏற்ற அளவு. (ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது இதை மேலே போர்த்த வேண்டாம், முகத்தை மூடிக்கொண்டால் தானாக விலக்கத் தெரியாது.) முதல் போர்வைக்கு இதைவிடப் பெரிதாக எடுக்காமல் இருப்பதே நல்லது.

அடித்துணிக்கு ஒரு பழைய பருத்திச் சேலை. அகலம் 45, 46 அங்குலம் இருக்கும். அதில் 38 × 50 வெட்டிக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் ஓர் அங்குலம் மடிப்புக்குப் போகும். ஜரிகைக் கரையை முதலிலேயே வெட்டி எடுத்துவிடவும். ஜரிகை உடம்பை உறுத்தும், பிரிந்தால் நூலை அறுக்கும்.

உள்துணிக்கு ஒரு நாலு முழ வேட்டி. ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள வேட்டியில் 36 × 48 அளவுத் துண்டு சரியாக இரண்டு கிடைக்கும். பஞ்சுத் தகடு வேண்டாம். கையால் நான்கைந்து அடுக்கைக் குத்தி எடுப்பதற்குத் தேய்ந்த வேட்டியைப்போல இடம் கொடுக்கும் துணி வேறில்லை. கிழிசல் இருந்தால் ஓட்டை மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேல் ஒட்டுகளுக்கு: போர்வையின் பரப்பு 1,728 சதுர அங்குலம். மடிப்புக்கும் மேல்பொருந்தலுக்கும் சேர்த்து அதைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 2,600 சதுர அங்குலம் துணி வேண்டும். எடையில் 200 கிராம் சுற்றி. அளவைப் பார்த்தால் இரண்டு மூன்று முழுக்கைச் சட்டையே போதும். ஆனால் நிறம் கூட்டுவதற்கு ஏழெட்டு உடுப்பிலிருந்து எடுப்பது அழகு. தையல் கடை வெட்டுத்துணியும் ஆகும்.

நூல்: சுற்றுக்கும் சுற்றுக்கும் அரை அங்குல இடைவெளி. பாதி அகலம் 18 அங்குலம், ஆகவே 36 சுற்று. முதல் சுற்று 168 அங்குலம், பிறகு சுற்றுக்கு 4 அங்குலம் குறையும். கூட்டினால் ஏறத்தாழ 3,500 அங்குலம், 90 மீட்டர். முடிச்சுக்கும் தையலின் ஏற்ற இறக்கத்துக்கும் கால் பங்கு சேர்த்து 110 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஆறு இழை எம்பிராய்டரி நூல்கண்டு 8 மீட்டர் இருக்கும். அதை மும்மூன்று இழையாகப் பிரித்தால் கண்டுக்கு 16 மீட்டர். ஏழு கண்டு போதும். சாயம் போகாத நூலாக இருக்க வேண்டும். மெஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல் இதற்கு உதவாது: மெல்லியது, வலுவானது, தேய்ந்த பருத்தியை அறுத்துவிடும்.

7ஆம் எண் கைத்தையல் ஊசி, நடுவிரலுக்குத் திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் விரல் உறை), நூலில் இழுக்க ஒரு துண்டுத் தேன்மெழுகு, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி. சட்டகம் தேவையில்லை.

துணியைத் தேர்ந்தெடுப்பது

எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிப் பற்ற வைத்துப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரிகிற மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உருளும். பனியன் துணி இழுபடும், ஜீன்ஸில் ஊசி இறங்காது, பழைய பட்டு மடிப்பிலேயே விரிசல் விடும், மூன்றையும் விலக்கவும். இரு கட்டைவிரலாலும் துணியை இழுத்துப் பார்த்து, இழை நகர்ந்து வெளிச்சம் தெரிந்தால் அது மேல் ஒட்டுக்கு ஆகாது, உள்ளே போகலாம்.

எல்லாவற்றையும் துவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். புதுத் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கலாம். பழைய உடுப்பு அந்தச் சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. துவைக்காத தையல் கடைத் துண்டும் பழைய சட்டைத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், போர்வை முதல்முறை நனையும்போது புதியது மட்டும் சுருங்கி, சுற்றியுள்ளதைக் கூட்டி இழுக்கும். வெட்டுத்துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் துவைத்தால் பிசிர் சிக்காது. கஞ்சி போட்ட துணியில் கஞ்சி முழுவதும் போக வேண்டும். ஊசி இறங்காதது ஒரு காரணம், பூச்சி வருவது இன்னொன்று.

சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு இவற்றைத் தனித்தனியாக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, ஈரமாகவே ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்க்கவும். கறை படிந்தால் மீண்டும் துவைக்க வேண்டும். மூன்றாம் தடவையும் படிந்தால் அந்தத் துணியை விட்டுவிடுவதே நல்லது. சில சுங்குடிச் சேலைகள் அப்படிப்பட்டவை. கல்லுப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வழிவழியாகச் சொல்வதை நம்பி வெள்ளை வேட்டிமேல் வைக்க வேண்டாம். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்பு சாயத்தை இழையை நோக்கித் தள்ளும். ஏற்கெனவே பிடிப்பு விட்ட சாயத்தை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் வேலையை அது செய்யாது.

வெட்டும்போது 3 முதல் 6 அங்குலம் வரை அகலமுள்ள பட்டைகளும் செவ்வகங்களும் வசதி. எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி அடுக்க வேண்டாம். முதல் சுற்றுக்கு வேண்டியது மட்டும் போதும். ஓரத்தில் வரும் ஒட்டுகளின் வெளிப்பக்கம் பாவு (நீளவாட்டு இழை) நேராகவோ ஊடை (குறுக்கு இழை) நேராகவோ இருப்பது அவசியம். கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டிய விளிம்பை ஓரத்தில் வைத்தால் தைக்கத் தைக்க நீண்டு, போர்வை ஓரம் அலை அலையாக நிற்கும். உள்ளே வரும் ஒட்டு எந்தக் கோணத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

விரிப்பதும் முதல் சுற்றும்

அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, நாலு பக்கமும் ஓர் அங்குலம் மடித்து இஸ்திரி போட்டுத் தடம் விழ வைக்கவும். வேட்டித் துண்டுகள் இரண்டையும் அந்தத் தடத்துக்குள் வைத்து, மூலை முனையை முதலில் உள்ளே மடித்து, பிறகு இரு பக்கத்தையும் மடித்தால் மூலை தடிக்காமல் அமரும். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வெளிர்நிற நூலால் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ளவும். கை பழகியவர்களுக்கு இது தேவைப்படாது. புதியவர்கள் இதைத் தவிர்த்தால் கீழே சேலை நகர்வது தெரியாமலே போய்விடும்.

தொடங்குமுன் அளவு பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 36க்கு 48 என்ற செவ்வகத்தின் மூலைவிட்டம் சரியாக 60 அங்குலம். இரண்டு மூலைவிட்டமும் 60 காட்டினால் கோணல் இல்லை.

முதல் ஒட்டின் இரு வெளிப்பக்கத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்து மூலையில், அடித்துணி மடிப்போடு ஓரம் ஒட்ட வைக்கவும். உள்நோக்கிய இரு பக்கமும் பிசிர் விளிம்பாகவே இருக்கட்டும். விளிம்பிலிருந்து 1/8 அங்குலம் உள்ளே தள்ளி ஓட்டத்தையல் ஓடும். முடிச்சு ஒட்டுக்கும் வேட்டிக்கும் நடுவில் மறைந்துவிடும். மேலே தெரியும் தையல் 1/8 அங்குலம், இடைவெளி 1/8 அங்குலம், அங்குலத்துக்கு 4 தையல் என்பது நல்ல அளவு. ஒட்டு முடிய ஓர் அங்குலம் இருக்கும்போது அடுத்த ஒட்டின் பக்கத்தைக் கால் அங்குலம் மடித்து, முன்னதன் பிசிர் விளிம்பின்மேல் அரை அங்குலம் ஏறும்படி வைத்துத் தொடர வேண்டும். பொருந்திய இடத்தின் மடிப்பை அப்போதே 1/8 அங்குலம் உள்ளே ஒரு வரி தைத்து, உள்ளடங்கிய பிசிரைப் பிடித்துவிடுவது நல்லது. துணி தளர்ந்த நெசவாக இருந்தால் பொருந்தல் முக்கால் அங்குலம் வேண்டும். துவைத்த பிறகு வாய் பிளக்கும் ஒட்டுகள் எல்லாமே இந்தப் பொருந்தலில் கஞ்சம் பிடித்தவைதான்.

சாதாரண இடத்தில் ஊசி நான்கு அடுக்கைத் துளைக்கிறது. ஓரத்திலும் பொருந்தலிலும் ஆறு. ஓரமும் பொருந்தலும் சேரும் இடத்தில் அதற்கும் மேல். அங்கே இரண்டு மூன்று தையலைச் சேர்த்து எடுக்க முயன்றால் ஊசி வளையும் அல்லது அடியில் சேலையைப் பிடிக்காமலே வந்துவிடும். ஒவ்வொரு தையலாக மேலிருந்து குத்தி, கீழிருந்து வாங்கிப் போட வேண்டும்.

நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் கோர்க்க வேண்டாம். நீள நூல் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உராய்ந்து பஞ்சு பிரிந்து பாதியில் மெலிந்துவிடும். இந்தப் போர்வைக்கு நூற்றறுபது தடவைபோல ஊசி கோர்க்க வேண்டியிருக்கும். அதற்குச் சலித்து இரட்டை நீளம் எடுப்பதுதான் அறுந்த தையல்களின் முதற்காரணம்.

திசை வலமோ இடமோ, எதுவானாலும் சரி. தொடங்கிய திசையை மட்டும் நடுவில் மாற்றக்கூடாது. தையல் போகும் திசையில் மேல்துணி இம்மி இம்மியாகத் தள்ளப்படுகிறது. அடுத்த வரி எதிர்த்திசையில் போனால் இரு வரிக்கு நடுவே துணி முறுக்கிக்கொண்டு சாய்வான சுருக்கங்கள் விழும்.

ஒட்டுகளின் பிசிர் விளிம்பை நெருங்கும்வரை அரை அங்குல இடைவெளியில் சுற்றிக்கொண்டே வர வேண்டும். பிறகு அடுத்த வரிசை ஒட்டு, அதே மடிப்பு, அதே பொருந்தல். சிறு சிறு பளிச்சென்ற ஒட்டுகளைப் பெரிய ஒட்டின்மேல் வைத்துத் தைப்பதும் சித்தி இனப் பெண்களின் வழக்கம். இதைத் திக்கெலி என்கிறார்கள். இரண்டு அங்குலச் சதுரம் போதும். நாலு பக்கமும் மடித்து வைத்தால், சட்டையில் இருந்த கறைக்கும் ஓட்டைக்கும் அதுவே மூடி.

நடு உப்பல்

கவந்தி தைத்தவர்களைத் திகைக்க வைப்பது பத்துப் பதினைந்து சுற்றுக்குப் பிறகு தெரியும் ஒன்று. தரையில் விரித்தால் ஓரம் தரையைத் தொடும், நடு கவிழ்த்த தட்டுபோல் எழும்பி நிற்கும். காரணம் எளிது. ஓட்டத்தையல் ஒவ்வொன்றும் துணியைக் கொஞ்சம் உள்வாங்குகிறது. ஓரத்தில் பத்துச் சுற்றுத் தையல் விழுந்து சுற்றளவு சுருங்கியிருக்கும். நடுப்பகுதி இன்னும் தைக்காமல் முழு அளவில் இருக்கிறது. நூலை இழுத்துப் பிடித்துத் தைப்பவர்களுக்கு இது வேகமாக வரும். ‘அழுத்தமாகத் தைத்தால் உறுதி’ என்று நினைப்பதுதான் இங்கே கெடுக்கிறது. தையல் துணிமேல் படிந்தால் போதும், துணியைப் பள்ளமாக்க வேண்டியதில்லை. ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை, தைத்த வரியை இரு விரலால் பிடித்து வெளிநோக்கி நீவிவிட்டால் நூல் தளர்ந்து இடம் கொடுக்கும்.

நான்கு சுற்றுக்கு ஒருமுறை தரையில் விரித்து நாலு பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் அளக்கவும். 48 அங்குலப் பக்கம் 47½ அல்லது 47 ஆவது இயல்பு. 46½க்குக் கீழே போனால் கடைசி இரண்டு சுற்றைப் பிரித்துத் தளர்வாகத் தைப்பதுதான் வழி. பிரிப்பதென்றால் வரியை மூன்று நான்கு இடத்தில் வெட்டித் துண்டு துண்டாக உருவ வேண்டும். முழு நூலையும் ஒரே இழுப்பில் உருவினால் பழைய துணி கிழியும்.

அப்படியும் இருபதாவது சுற்றில் உப்பல் தெரிந்தால், இந்த முறையில் ஒரு வசதி கைகொடுக்கிறது. நடுவில் மேல் ஒட்டு இன்னும் வைக்கவில்லை. வேட்டி திறந்தே கிடக்கிறது. உப்பல் உச்சியிலிருந்து வேட்டித் துண்டுகளைக் கத்தரித்து, அரை அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைத்துவிட்டால் உள்துணியின் உபரி தீர்ந்தது, மேலே ஒட்டு வந்து மறைத்துவிடும். இரண்டு வேட்டித் துண்டையும் ஒரே இடத்தில் கத்தரிக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளிக் கத்தரித்தால் தடிப்புத் தெரியாது. அடியில் சேலையில் உள்ள உபரியை வெட்ட முடியாது. அதை நடுவிலிருந்து நாலு பக்கமும் நீவிப் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி நூலோட்டி, வரும் சுற்றுகளை அரை அங்குலத்துக்குப் பதில் மூன்றில் ஓர் அங்குல இடைவெளியில் போட்டால் சிறு சிறு சுருக்கங்களாகப் பிடிபட்டு அடங்கும். பின்பக்கம் அந்தச் சுருக்கங்கள் தெரியத்தான் செய்யும். பெரிய மடிப்பு ஒன்று விழுவதைவிட அது மேல்.

இரண்டு பேர் சேர்ந்து தைப்பதானால் இந்த இழுப்பு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். இருவரும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து ஒரே திசையில் போகலாம். நான்கு சுற்றுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் போர்வை கோணாது.

நடுவை மூடுவது

36 × 48 போர்வையில் சுற்றுகள் ஒரு புள்ளியில் முடியாது. 12 அங்குல நீளமுள்ள ஒரு கோட்டில் முடியும். மீதித் திறப்பு 4 × 16 அங்குலமாக வரும்போது கடைசி ஒட்டை வெட்டலாம். அதற்கு நாலு பக்கமும் மடிப்பு உண்டு: அரை அங்குலப் பொருந்தல், கால் அங்குல மடிப்பு. ஆகவே 5½ × 17½. அவ்வளவு நீளத் துண்டு இல்லையென்றால் இரண்டாக வைக்கலாம். முதலில் நாலு ஓரத்தையும் தைத்து, பிறகு சுற்றுகளை முடிக்கவும்.

மூலைக்குப் பூ வேண்டும். சதுரத் துணியை முக்கோணமாக மடித்துப் பல நிறத்தில் அடுக்கி நாலு மூலையிலும் வைப்பதைப் பூலா என்கிறார்கள். அது இல்லாத கவந்தி முழுமையாகாது என்பது அவர்களின் உறுதியான எண்ணம். மேலோட்டமாகப் பார்த்தவர்கள் இதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடுவதுண்டு, அது சரியல்ல. இழுத்து உதறும்போது கை முதலில் பிடிக்கும் மூலைக்கு அது காப்பும்கூட. 4 அங்குலச் சதுரத்தை இருமுறை கோணவாக்கில் மடித்தால் நான்கு அடுக்கு. மூன்றை வைத்தால் 12. அதோடு மூலையின் தடிப்பும் சேர்ந்தால் ஊசி நுழையாது. அதனால் மூன்றையும் கால் அங்குலம் முன்பின்னாக நகர்த்தி முதலில் தனியே தைத்துக்கொண்டு, மூலையின் பின்பக்கம் வைத்து விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்துவிடவும். குழந்தைக்கான போர்வையென்றால் இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம்.

அங்குலத்துக்கு 4 தையல் என்றால் மொத்தம் ஏறக்குறைய 14,000 தையல். நிமிடத்துக்கு எட்டு என்று நிதானமாகப் போனால் 30 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும்.

துவைப்பதும் பெரிதாக்குவதும்

முடிந்த போர்வை அரைக் கிலோ சுற்றி இருக்கும். முதல் துவைப்பு குளிர்ந்த தண்ணீரில், கையால். முறுக்கிப் பிழிய வேண்டாம். நனைந்ததும் எடை பல மடங்கு ஏறும். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் மடிந்த இடத்துத் தையலில் எல்லா எடையும் இறங்கி நூல் அறும். இரண்டு கொடியில் பரப்பியோ, பாய்மேல் விரித்தோ நிழலில் காய வைக்கவும். காய்ந்தபின் பொருந்தல்களை ஒருமுறை தடவிப் பார்த்து, வாய் பிளந்த இடம் இருந்தால் அதன்மேல் ஒரு திக்கெலி வைத்துத் தைத்துவிடலாம். பிற்பாடு தேய்ந்து கிழியும் இடத்துக்கும் அதே வைத்தியம்தான். எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

ஆள் படுக்கும் அளவுக்கு, 60 × 90 அங்குலம் தைப்பதானால் சுற்று 60, தையல் நீளம் 275 மீட்டருக்குச் சற்று அதிகம், நேரம் மூன்று மடங்கு, முடிவுக் கோடு 30 அங்குலம். அடித்துணிக்குச் சேலை அகலம் போதாது. ஐந்தரை மீட்டர் சேலையில் 92 அங்குலத் துண்டு இரண்டு எடுத்துப் பக்கவாட்டில் மூட்டினால் ஒரே சேலையில் முடியும். அந்த மூட்டைச் சரிபாதியில் போடாமல் ஒரு பக்கம் பத்து அங்குலமாவது தள்ளிப் போடவும். நடுக்கோட்டில் விழுந்தால், மூட்டின் தடிப்பும் கடைசிச் சுற்றுகளின் நெருக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்து, படுத்தால் முதுகை உறுத்தும்.